மலிவு எங்கிருந்து வருகிறது?

பாரிசின் புறநகர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீதியோரமாகப் பழைய சாமான்களைப் பரப்பி விற்கும் சந்தைகளைப் பற்றி எம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வந்த புதிதில் சட்டி பானை தொடக்கம் குளிர்ச்சட்டை வரை அங்கேதான் வாங்கினோம். பின்னர் வசதி வந்தது. அந்தச் சந்தைகளுக்குப் போவது கௌரவக் குறைச்சலாகவும் போயிற்று. நான் இன்னமும் போகிறேன், சைக்கிள் பார்ப்பதற்காக. 1960களிலிருந்து 80களின் முற்பகுதி வரை இந்த நாட்டில் செய்யப்பட்ட, உருக்குச் சட்டம் போட்ட றேசிங் சைக்கிள்கள். பெஜோ, மோட்டோபெகான், ஜித்தான். இவை உடைந்த கதிரைகளுக்கும் யாரோ இறந்துபோனவரின் கோப்பைகளுக்கும் நடுவே சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

இவற்றில் அப்படி என்ன இருக்கிறது? ஏடி மெர்க்ஸ் 1966, 67ஆம் ஆண்டுகளில் பெஜோ அணிக்காக ஓடினார். பெர்னார் தெவெனே 1975இலும் 1977இலும் 'தூர் த பிரான்ஸ்' போட்டியை வென்றதும் பெஜோ சைக்கிளில்தான். அதே தொழிற்சாலை, அதே சிங்கச் சின்னத்தோடு, தபாற்காரனுக்கும் தொழிலாளிக்கும் சைக்கிள் செய்தது. ஆகவே ஒரு சாதாரண வீட்டின் நிலவறையில் பந்தயச் சைக்கிள் ஒன்று தூசி படிந்து கிடப்பது இங்கே அதிசயமல்ல. உருக்கு நெளிந்தால் நிமிர்த்தலாம், உடைந்தால் ஒட்டலாம். நாற்பது ஐம்பது வருடம் கழிந்தும் ஓடுகிறது. இன்றைய புதிய சைக்கிள் ஒன்றின் விலையில் ஒரு துண்டுக்கு அதைவிட நல்லதை வாங்கிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள கவர்ச்சி.

நல்ல சாமான், குறைந்த காசு. இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லும்போது எமக்குள் ஒரு சந்தோசம் எழுகிறதே, அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். நல்ல சாமான் ஏன் குறைந்த காசுக்குக் கிடைக்கிறது? அந்த மீதிக் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவரின் பையிலிருந்து, அல்லது அறியாமையிலிருந்து, அல்லது கஷ்டத்திலிருந்து வருகிறது.

முதலில் சாமானைப் பார்ப்போம். அது தெரியாமல் நியாயம் கதைப்பதில் பிரயோசனமில்லை.

யாழ்ப்பாணத்தான் சைக்கிளோடு வளர்ந்தவன். அப்பாவின் ராலியும் ஹம்பரும், பிறகு லுமாலாவும் எமக்கு வீட்டு உறுப்பினர்கள் மாதிரி. மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டத் தெரியாத பெடியன் ஊரில் குறைவு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, நோயாளியும் விறகும் மணப்பெண்ணும் சைக்கிளில்தான் போனார்கள். பற்றறி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். ஆனால் அந்த அறிவு பிரெஞ்சுக்காரனின் பழைய றேசிங் சைக்கிளிடம் பாதி வழிதான் செல்லும்.

மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், சட்டத்தை மாற்ற முடியாது. எனவே அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஹான்டில் பூட்டியிருக்கும் முன்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேற்குழாயின் அடியிலும் கீழ்க்குழாயின் அடியிலும் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கே சிறு மடிப்போ வீக்கமோ பெயின்ற் வெடிப்போ தட்டுப்பட்டால் அந்தச் சைக்கிள் எங்கேயோ முன்பக்கமாக மோதியிருக்கிறது. எவ்வளவு மினுங்கினாலும் விட்டுவிடுங்கள். முன்கவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கிறதா என்று தெரியும். அடுத்தது சீற் தண்டு. அலுமினியத் தண்டு உருக்குக் குழாய்க்குள் இருபது வருடம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆணியைத் தளர்த்தி அது அசைகிறதா என்று விற்பவருக்கு முன்னாலேயே பார்க்கவேண்டும். ஹான்டில் தண்டும் அப்படித்தான். பெடல் அச்சைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் லொடலொடக்கிறதா, சில்லைத் தூக்கிச் சுற்றினால் நெளிகிறதா, முன் சில்லைத் தூக்கிக்கொண்டு ஹான்டிலைத் திருப்பும்போது நடுவிலே ஒரு பள்ளத்தில் விழுவது போல நிற்கிறதா என்பனவெல்லாம் பிறகு. அவை காசோடு தீரும் வியாதிகள்.

சங்கிலியை அளக்க ஒரு அடிமட்டம் போதும். பன்னிரண்டு முழுக் கண்ணிகள் 304.8 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். 308ஐ எட்டியிருந்தால் சங்கிலி மட்டுமல்ல, பின்பற்சில்லும் தேய்ந்திருக்கும்.

பிரெஞ்சுச் சைக்கிளின் விசேட தலையிடி அதன் மரைகள். பெடல் அச்சுக் கிண்ணத்தின் மரை 35 மில்லிமீற்றர், இரண்டு பக்கமும் வலஞ்சுழி. ஆங்கிலேயச் சைக்கிளில் வலப்பக்கக் கிண்ணம் இடஞ்சுழி. பெடல் ஆணி 14 மில்லிமீற்றர், மற்ற உலகத்துக்கு ஒன்பதின் கீழ் பதினாறு அங்குலம். ஹான்டில் தண்டு 22, மற்ற உலகத்துக்கு 22.2. அந்த 0.2 மில்லிமீற்றருக்காக ஒரு மாதம் தேடி அலையலாம். பல் விளக்கும் முறையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தனி வழி போன சனம் இது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. 1980களில் இந்த அளவுகள் கைவிடப்பட்டன. உடைந்த பாகத்தோடு இருக்கும் பழைய பெஜோவை வாங்குமுன், அந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்கவேண்டும்.

சட்டத்திலே 'ரெனால்ட்ஸ் 531' என்ற ஒட்டி இருந்தால் ஒரு நிமிடம் கூட நில்லுங்கள். பர்மிங்காமில் 1935இல் வெளியான குழாய் அது. நுனிகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுக்கப்படுவதால் எடை குறைவு. பெஜோவின் பி.எக்ஸ். 10 அந்தக் குழாயில் செய்யப்பட்டது. சுமார் 10 கிலோ. அதன் ஏழைச் சகோதரமான யு.ஓ. 8 சாதாரண உருக்கு. கொற்றர் பின் அடித்த கிராங்க், உருக்கு றிம், சுமார் 13 கிலோ. உருக்கு றிம்மில் மழை நாளில் பிறேக் பிடித்தால் ஆண்டவனைக் கூப்பிட நேரம் கிடைக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். விலையோ ஐந்து மடங்கு, சில வேளை பத்து மடங்கு வித்தியாசப்படும்.

ரயர், ரியூப், கேபிள், பிறேக் கட்டை, சங்கிலி இவ்வளவையும் புதிதாகப் போட்டால் நூறு யூரோவுக்குக் கிட்ட வரும். அறுபது யூரோ சைக்கிள் நூற்றியறுபது ஆகும். இதைக் கணக்கில் எடுக்காமல் 'மலிவாக எடுத்தேன்' என்று சொல்லுகிறவர்களைக் கண்டிருப்பீர்கள்.

இனி அந்த மலிவுக்கு வருகிறேன்.

குற்றமில்லாத மலிவு ஒன்று இருக்கிறது. கியர் மாற்றும் பிடி கீழ்க்குழாயில் இருப்பதால் ஹான்டிலிலிருந்து கையெடுத்துக் குனியவேண்டும். இன்றைக்கு அது பலருக்குப் பிடிப்பதில்லை, ஆகவே மலிவு. சட்டம் 60 சென்ரிமீற்றர் உயரமென்றால் வாங்க ஆளில்லை, ஆகவே மலிவு. (பாரின் மேல் காலை அகட்டி நின்றால் இரண்டு மூன்று சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். எமது உயரத்துக்கு 52, 54 சரிவரும். அழகாக இருக்கிறதென்று 58ஐ வாங்கி நாரிப்பிடிப்பு வந்தவர்களை அறிவேன்.) துருவைத் தேய்க்கவும் கழுவிப் பூட்டவும் விற்பவருக்கு நேரமில்லை, எமக்கு இருக்கிறது, ஆகவே மலிவு. இங்கெல்லாம் விலை குறைந்திருப்பதற்கு ஈடாக நாம் எதையோ கொடுக்கிறோம். வசதிக்குறைவையோ உழைப்பையோ. இதில் கேள்வி எழுவதில்லை.

கேள்வி எழுவது, விற்பவருக்குத் தன் கையிலிருப்பது என்னவென்று தெரியாதபோது.

உணவு விநியோகம் செய்யும் தம்பி ஒருவன், ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம், நூறு யூரோவுக்குள் நல்ல றேசிங் சைக்கிள் ஒன்று எடுத்துத் தரும்படி கேட்டான். எடை குறைந்தால் இரவுக்கு மூன்று நான்கு ஓட்டம் கூட ஓடலாம் என்பது அவன் கணக்கு. ஒரு புறநகரில் வயதான பெண்மணி ஒருவர் இறந்துபோன கணவரின் சைக்கிளை ஐம்பது யூரோவுக்கு விற்கிறார் என்று அறிந்து இருவரும் போனோம். நிலவறையிலிருந்து வெளியே வந்தது பி.எக்ஸ். 10. மாஃபாக் பிறேக், சிம்ப்ளெக்ஸ் கியர், ஒட்டி கூட உரியாமல். தம்பி ஐம்பது யூரோத் தாளை வெளியே எடுத்துவிட்டான். நான் அந்த மனிசியிடம், "இது சாதாரண சைக்கிள் இல்லை, இதற்கு நீங்கள் கேட்பதைவிடப் பல மடங்கு கிடைக்கும்" என்று சொன்னேன். அவர் யோசித்தார். மகனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி, நன்றி சொல்லி, சைக்கிளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். கோப்பி தந்தார். தம்பி குடிக்கவில்லை. ரயிலில் வரும்போது ஒரு தரிப்பிடம் கழித்துச் சொன்னான்: "அண்ணை, நீங்கள் நியாயம் சொன்னியள். ஆனா அதுக்குக் காசு கட்டினது நான்."

அவன் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. அது வெறும் கோபமல்ல, ஒரு வாதம். வீடும் பென்சனும் உள்ளவருக்கு அந்தச் சில நூறு யூரோ ஒரு பொருட்டல்ல. அவனுக்கோ அது இரண்டு மாத நேரமிச்சம். உலகம் அவனிடமிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டால் இது ஒரு தூசி.

இந்த வழக்கு பழையது. கி.மு. 44இல் சிசெரோ தன் மகனுக்காக எழுதிய 'கடமைகள் பற்றி' என்ற நூலில் இது வருகிறது. றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வணிகன் வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை வழியில் கண்டிருக்கிறான். அதைச் சொல்லவேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜினிஸ் (தாழிக்குள் வாழ்ந்தவரல்ல, இவர் வேறு) தேவையில்லை என்கிறார். சாமானில் பழுதிருந்தால் சட்டப்படி சொல்லு, பொய் சொல்லாதே, அவ்வளவுதான். அவருடைய மாணவர் அன்ரிபாற்றர் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்கிறார். சிசெரோ அன்ரிபாற்றர் பக்கம். வாய் பேசாமலிருப்பது மட்டும் மறைப்பதாகாது; மற்றவர் அறியாமலிருப்பது உனக்கு லாபம் என்பதற்காகவே அவர் அறியாதிருக்க விரும்புவதுதான் மறைப்பு என்பது அவர் கொடுக்கும் விளக்கம்.

இது விற்பவனைப் பற்றியது. சிசெரோ வாங்குபவனையும் விடவில்லை. ஒருவன் தங்கத்தைப் பித்தளை என்று நினைத்து விற்கிறான். நல்ல மனிதன் அது தங்கம் என்று சொல்லுவானா, ஆயிரம் தெனாரியஸ் பெறுமதியானதை ஒரு தெனாரியசுக்கு வாங்குவானா என்று அதே நூலில் கேட்கிறார். இன்னொரு இடத்தில் ஸ்கேவோலா என்பவரின் கதை. அவர் ஒரு தோட்டம் வாங்கப் போனார். விலையை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார். விற்பவர் சொன்னார். "என் மதிப்பில் இது அதைவிடக் கூட" என்று ஒரு லட்சம் செஸ்ரேஸ் சேர்த்துக் கொடுத்தார். இது நல்லவன் செய்கை என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், புத்திசாலியின் செய்கை என்றுதான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சிசெரோ எழுதுகிறார். நல்லதையும் புத்தியையும் அப்படிப் பிரித்து வைத்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எமது பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைச் சொல்லுமிடத்தில், விற்கும்போது குறைத்துக் கொடுப்பதற்கு முன்பாக வாங்கும்போது மிகையாக எடுப்பதைத்தான் சொல்கிறது. வாங்குபவனுக்கும் அளவு உண்டென்பது எமக்குப் புதிதல்ல. விற்பவன்தான் கள்ளன் என்று பழகிவிட்டோம்.

ஆனாலும் ஸ்கேவோலா பணக்காரர். தோட்டத்துக்கு ஒரு லட்சம் கூடக் கொடுக்க அவரால் முடிந்தது. டயோஜினிசிடமும் ஒரு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சந்தையில் கடை பரப்பியிருக்கும் தொழில்முறை வியாபாரியிடம் போய் 'ஐயா, இதை நீ மலிவாக விற்கிறாய்' என்று நான் சொல்லமாட்டேன். அவன் நாளைக்கு எனக்குச் சொல்லமாட்டான், இருவரும் அதை அறிந்துதான் அங்கே நிற்கிறோம். நான் வருடக்கணக்காகக் கையெல்லாம் கிறீசாகிக் கற்றதற்குக் கொஞ்சம் கூலியும் உண்டு. ஆனால் அந்தப் பெண்மணி வியாபாரத்துக்கு வரவில்லை. வீட்டைத் துப்புரவாக்குகிறார். அவர் வாசலில் நின்றுகொண்டு, என் அறிவை அவருக்கு எதிராகப் பாவித்தால், அவர் தந்த கோப்பியை எப்படிக் குடிப்பது? தம்பியின் வறுமை அவனுக்குப் பல உரிமைகளைக் கொடுக்கிறது. அந்த மனிசியின் அறியாமை மீதான உரிமையை அது கொடுக்கிறதென்று என்னால் ஏற்கமுடியவில்லை. பாதி விலை சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்டிருக்கலாம்தான். உண்மையைச் சொன்னபிறகு பேரம் பேசுவதில் குற்றமில்லை. பையில் நூறு யூரோதான் இருந்தது.

அறியாமையை விடக் கொடியது அவசரம். விற்பவனுக்குப் பெறுமதி நன்றாகத் தெரியும், ஆனால் இன்றைக்கே விற்றாக வேண்டும். இதைப் புலம்பெயர்ந்த வாசகருக்கு விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். ஏஜென்சிக்குக் கட்டுவதற்காக விற்ற காணியின் விலை எமக்கு ஞாபகமிருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, பாரிலும் கரியரிலும் ஹான்டிலிலும் வாழ்க்கையைக் கட்டிய சைக்கிள்களை மழைக்குள் உருட்டினோம். அதன் பிறகு தென்மராட்சியில் மாடும் நகையும் தையல் மெசினும் என்ன விலைக்குப் போயின என்பதும் ஞாபகமிருக்கிறது. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்களும் எம் சனம்தான். யாரையும் அவர்கள் ஏமாற்றவில்லை. கேட்ட காசைக் கொடுத்தார்கள். சிலரைப் பற்றி நாம் இன்றைக்கும் நல்லபடி கதைப்பதில்லை, சிலரைப் பற்றி 'அந்த நேரம் அவராவது வாங்கினார்' என்கிறோம். இரண்டு வகையினரும் கொடுத்த காசு ஏறக்குறைய ஒன்றாகக்கூட இருக்கலாம். வித்தியாசம், பேரம் பேசும்போது அவர்கள் எமது முகத்தைப் பார்த்தார்களா இல்லையா என்பதில் இருந்தது என்று நினைக்கிறேன். இங்கே, வேறொரு நாட்டிலிருந்து வந்த அகதி வாடகைக்காகத் தன் சைக்கிளை விற்கும்போது நாம் எந்த வகை?

மூன்றாவது மலிவைப் பற்றிக் கூடக் கதைக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். களவுச் சைக்கிள். ஆனால் எமது பெடியள் மத்தியில் அது சர்வசாதாரணமாகிவிட்டது. மெத்ரோ வாசலில் நாற்பது யூரோ, பேப்பர் இல்லை, பூட்டு வெட்டிய அடையாளத்தோடு. "நான் களவெடுக்கேல்லையே, காசு குடுத்துத்தானே வாங்கினனான்" என்பது பதில்.

டி சிகாவின் 1948ஆம் ஆண்டுப் படமான 'சைக்கிள் திருடர்க'ளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். போஸ்ரர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டும். மனைவி படுக்கை விரிப்புகளை அடைவு வைத்து, அடைவிலிருந்த சைக்கிளை மீட்டுத் தருகிறாள். வேலையின் முதல் நாளே அது களவு போகிறது. மறுநாள் ரோமாபுரியின் சந்தையில், சில்லு ஒருபுறம் மணி ஒருபுறமாகப் பிரித்துக் குவித்திருக்கும் சைக்கிள் பாகங்களுக்குள் தகப்பனும் மகனும் தேடுகிறார்கள். பறிகொடுத்தவனை அழுதுகொண்டே பார்க்கிறோம். திருடிய இளைஞனின் வறிய வீட்டையும் வலிப்பு நோயையும் கூட இயக்குநர் எமக்குக் காட்டுகிறார். அந்தச் சந்தையில் வந்து வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு மட்டும் முகமில்லை. கூட்டத்தில் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை, குறைந்த காசுக்கு நல்ல மணி ஒன்று கிடைத்த சந்தோசத்தோடு வீட்டுக்குப் போகிறான். அவன் இல்லாவிட்டால் அந்தக் களவுக்கு அர்த்தமே இல்லை.

சட்டமும் அவனை மறக்கவில்லை. களவென்று அறிந்து வாங்குவதற்கு இந்நாட்டில் ஐந்து வருடச் சிறையும் 375,000 யூரோ தண்டமும் வரை விதிக்கலாம். அறிந்தாயா என்பதை, விலை எவ்வளவு, எங்கே வாங்கினாய், பேப்பர் இருக்கிறதா என்பவற்றிலிருந்து நீதிபதி முடிவுகட்டுவார். 2021 ஜனவரியிலிருந்து கடையில் விற்கும் புதுச் சைக்கிளுக்கும், அவ்வருடம் ஜூலையிலிருந்து கடைக்காரர் விற்கும் பழைய சைக்கிளுக்கும் பதிவு இலக்கம் கட்டாயம். நிலவறையிலிருந்து வரும் பழையவற்றுக்கு அது இராது. ஆனால் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் அடித்த தொழிற்சாலை இலக்கம் இருக்கும். அது அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் கதை முடிந்தது. விசா முடிவுக்காகக் காத்திருப்பவன் பொலிஸ் மறிக்கும்போது எந்தச் சைக்கிளில் இருக்கிறான் என்பது சின்ன விசயமல்ல.

தம்பிக்கு ஒரு மாதம் கழித்துச் சைக்கிள் கிடைத்தது. யு.ஓ. 8தான், 13 கிலோ. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் எழுபது யூரோ கேட்டார். பின் சில்லில் மூன்று கம்பி உடைந்திருந்ததைத் தம்பியே சுட்டிக்காட்டி அறுபதுக்குக் கொண்டுவந்தான். உருக்கு றிம்முக்கென்று செய்யப்படும், தோல் பதித்த பிறேக் கட்டைகளைத் தேடிப் போட்டோம். விற்றவரிடம் இலக்கம், திகதி, விலை எழுதிக் கையெழுத்துத் தரச் சொன்னபோது அவர் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சைக்கிளைக் கவிழ்த்து இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார். தம்பி எழுதிக்கொண்டான்.